எரிக்காத சரிவு

எல் ப்ரொக்ரேசோ
23 மார்ச் 1997

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி நிக்கானோர் எழுதுவது. நானும் ரோசௌராவும் நலம். உன் மூட்டு வலி எப்படி இருக்கிறது? மிரேயாவுக்கு நாள் நெருங்கிவிட்டதே, பிரசவத்தை ஊர் மருத்துவச்சியை வைத்தே பார்க்கப் போகிறாயா, இல்லை டவுனுக்குக் கூட்டிப் போகிறாயா? மாமா போன பிறகு மகளுக்கும் நிலத்துக்கும் நீ ஒருத்திதான் ஓடுகிறாய் என்று ரோசௌராவிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

திட்டுவாய் என்று தெரியும், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். இந்த ஏப்ரலிலும் எனக்கு லீவு இல்லை. வாழைப்பழப் பெட்டி கட்டும் கொட்டகையில் ஆள் குறைவு, மேஸ்திரி முகம் கொடுத்தே பேச மாட்டேன் என்கிறான். முதல் வருஷம் கால் முறிந்து கிடந்தேன், போன வருஷமும் லீவு இல்லை, இது மூன்றாவது வருஷம். அப்பா இருந்திருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பார். விதைப்புக்கு முன்னால் சரிவுக்குத் தீ வைக்க வீட்டு ஆம்பளை வராத வருஷம் உண்டா என்று கேட்டிருப்பார்.

உண்மையைச் சொன்னால் எனக்குத் தீயைவிட அந்த நாலு நாள்தான் பெரிது. நான் மேலே நின்று கொளுத்திக்கொண்டு வருவேன், நீ கீழே ஈரச் சாக்கோடு நின்று, "டேய், காத்து மாறுதுடா, கண்ணு தெரியலையா" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துவாய். அந்தத் திட்டு வாங்கத்தான் மிச்ச வருஷம் முழுக்க இங்கே பெட்டி கட்டுகிறேன் போல.

போன இரண்டு வருஷம் மாதிரியே இந்த முறையும் பக்கத்து நிலத்துக் கான்டிடோவையே வைக்கச் சொல். போன வருஷம் புகையில் கண் எரிந்து இரண்டு நாள் படுத்துவிட்டதாக எழுதியிருந்தாய். இந்தத் தடவை நீ சரிவுப் பக்கமே போகாதே. பாதி நிலம் என் பெயரில் இருக்கிறது, பாரம் முழுவதும் உன் தலையில் இருக்கிறது. வெட்கமாக இருக்கிறது அக்கா.

உன் தம்பி,
நிக்கானோர்


லோமா லார்கா
8 ஏப்ரல் 1997

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா ஒப்துலியா எழுதுவது. இதை உட்கார்ந்துகொண்டு படி. ரோசௌரா பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது, நீ குதித்தால் அடக்குவாள்.

நீ வராத இரண்டு வருஷமும் நம் சரிவுக்கு நான் தீ வைக்கவில்லை. கான்டிடோவும் வைக்கவில்லை. கண் எரிந்து படுத்ததாக எழுதியது பொய். இப்படி ஒரு பொய்யைப் பக்கம் பக்கமாக எழுத எனக்குத் தெரியும் என்று எனக்கே தெரியாது.

உன் கால் முறிந்த வருஷம், மலைக்கு அந்தப் பக்கம் என் பழைய சிநேகிதி தியோடோராவின் ஊர்த் திருவிழாவுக்குப் போயிருந்தேன். அங்கே சில பெண்கள் எரிக்காமல் பயிர் செய்கிறார்கள். நிலத்தில் நிற்கிற மரங்களை நெஞ்சளவில் கழித்து, இலையையும் கிளையையும் அப்படியே தரையில் பரப்பிவிடுகிறார்கள். அந்த மூடாக்கு நடுவே கம்பால் குழி குத்தி மக்காச்சோளம் போடுகிறார்கள். நான் சிரித்தேன். தியோடோரா என் கையைப் பிடித்து மண்ணுக்குள் விட்டாள். "நம்ம ஊர்ல ஏப்ரல்ல மேல போற புகை பூராவும் மண்ணோட சாப்பாடு ஒப்துலியா. அதை எரிச்சுட்டு, மழை இல்ல மழை இல்லன்னு அழுவுறோம். வர்ற மழையும் நிக்குதா? ஓடிருது" என்றாள். அவள் மண்ணில் ஈரம் இருந்தது. நம் மண்ணில் அப்போது கல் இருந்தது.

முதல் வருஷம் பாதிதான் விளைந்தது. அதையும் உன்னிடம் மறைத்தேன். ஜூலையில் நானும் மிரேயாவும் சோளத்தைக் கலந்து ரொட்டி தட்டிச் சாப்பிட்டோம். ஊரே சிரித்தது. இரண்டாவது வருஷம் பழைய அளவு வந்தது. இந்த வருஷம்தான் எனக்கே நம்பிக்கை வந்திருக்கிறது. கணுக்காலுக்கு மேல் மூடாக்கு. இந்த வெயிலில் அதற்குள் கையை விட்டால் ஈரம் தட்டுகிறது, மண்புழு ஓடுகிறது. நான் சொன்ன மற்றதை எல்லாம் விடு, இதை மட்டும் நம்பு.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். ஏப்ரலில் தீ வைக்கத்தானே நீ வருகிறாய்? தீ வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அப்புறம் எதற்கு வருவாய்? அக்காவுக்கு இனி நான் தேவையில்லை என்று நினைத்துவிடுவாயோ என்று பயந்தேன். எழுத எழுதக் கிழித்துப் போட்டேன். இந்த வருஷம் நீ வரவில்லை என்று எழுதியதும்தான் தைரியம் வந்தது, பார், என் வீரத்தை.

இப்போது வேறு பயம். சுற்றிலும் எல்லாரும் எரிக்கப் போகிறார்கள். காய்ந்த சருகு, ஒரு பொறி விழுந்தால் போதும், மூன்று வருஷம் போய்விடும். அதனால் நான் நிலத்தை விட்டு நகர்வதே இல்லை. ஆனால் மிரேயாவுக்குக் கால் வீங்கியிருக்கிறது, டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ என்கிறாள் மருத்துவச்சி. சனிக்கிழமை போகிறோம், ஒரு வாரம் ஆகும். நான் வரும்வரை கான்டிடோ அவன் நிலத்தில் தீ வைக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறான். "சருகுக்குக் காவல் இருக்குற மொத பொம்பளைய இப்பத்தான் பாக்குறேன்" என்று கிண்டல் வேறு.

கோபப்படு, திட்டு. ஆனால் பதில் எழுது.

அக்கா,
ஒப்துலியா


லோமா லார்கா
15 ஏப்ரல் 1997
(மேஜை மேல்)

அன்புள்ள அக்கா,

நம்ப மாட்டாய், வந்து போனது நான்தான். சனிக்கிழமை மேஸ்திரி தானாகக் கூப்பிட்டு, கப்பல் தாமதம், நாலு நாள் போய் வா என்றான். உனக்குச் சொல்ல நேரமில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி நேற்று சாயங்காலம் வந்து சேர்ந்தேன். கதவு பூட்டியிருந்தது. மிரேயாவோடு டவுனுக்குப் போயிருக்கிறாய் என்று கான்டிடோவின் மனைவி சாவி கொடுத்தாள்.

சரிவைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. போன வருஷம் எரித்த தடயம் ஒன்றுகூட இல்லை. கணுக்காலுக்கு மேல் செத்தை. யாரோ மரத்தைக் கழித்து, கிளையை இழுத்துப் போகக்கூட ஆளில்லாமல் போட்டது போட்டபடி கிடக்கிறது. இரண்டு வருஷமும் உனக்கு உதவிக்கு ஒருத்தனும் வரவில்லை, அதை எனக்கு எழுத மனம் வராமல் கான்டிடோ வந்தான், புகை வந்தது என்று எழுதியிருக்கிறாய். நான் லீவு கேட்டுச் சண்டை போட்டிருக்க வேண்டும் அக்கா. என்னை மன்னித்துவிடு.

அதனால் இன்று விடியும்போதே எல்லை முழுக்கச் செத்தையைச் செதுக்கித் தள்ளிவிட்டு, மேலேயிருந்து கொளுத்தினேன். கான்டிடோ வந்து, "உங்கக்காதான் வரச் சொல்லுச்சா?" என்று கேட்டான். இது என்ன கேள்வி, எப்போதும் நான்தானே வைப்பேன் என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனான். இத்தனை வருஷத்தில் நம் நிலம் இவ்வளவு நன்றாக எரிந்து நான் பார்த்ததில்லை. மத்தியானம் காற்று திரும்பியது. நீ கீழே நின்று கத்தவில்லை, ஆனாலும் கவனித்துவிட்டேன். சரிவின் குறுக்கே கிடக்கும் நீளப் பாறையோடு தீயை அடித்து அணைத்தேன். பாறைக்குக் கீழே மட்டும் பாக்கி, அதைக் கான்டிடோவிடம் சொல்லி முடித்துக்கொள்.

மூட்டுக்குத் தைலம் வைத்திருக்கிறேன். மிரேயாவுக்கு ரோசௌரா தைத்த குழந்தைச் சட்டை பையில் இருக்கிறது. காலை பஸ்ஸில் கிளம்புகிறேன். மூன்று வருஷத்துக்கு அப்புறம் இன்றுதான் மனசு லேசாக இருக்கிறது.

உன் தம்பி,
நிக்கானோர்


லோமா லார்கா
22 ஏப்ரல் 1997

நிக்கானோர்,

உன் கடிதத்தைப் படித்தேன். நீயும் இதற்குள் என் கடிதத்தைப் படித்திருப்பாய்.

மிரேயாவுக்குப் பெண் குழந்தை. இருவரும் நலம். பஸ் மலைத் திருப்பத்தில் ஏறும்போது மேலே கறுப்பாகத் தெரிந்தது. யாரோ பாவம், இவ்வளவு கரி என்று மிரேயாவிடம் காட்டினேன். "அம்மா, அது நம்மது" என்றாள்.

கான்டிடோ வீட்டு வாசலில் நின்று கத்தினேன். "கூடப் பொறந்தவன் வந்து வெக்கிறான், நீ மனசு மாறிட்டேன்னு நெனச்சேன். உங்க குடும்பத்து விஷயத்துல நான் எப்படித் தலையிடுறது?" என்றான். அவன் மேல் தப்பில்லை.

மேலே ஏறி மண்ணைத் தோண்டிப் பார்த்தேன். நாலு விரல் ஆழத்துக்குச் சுட்டுப் பொடியாகக் கிடக்கிறது. ஒரு புழு இல்லை. நான் கழித்துவிட்ட கொய்யா மரங்களில் இப்போதுதான் கொழுந்து வந்திருந்தது, எல்லாம் கருகிவிட்டது. மழைக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. மூட ஒரு கை இலை இல்லை.

பொய் சொன்னது நான். தெரியும். நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்தாய், அதுவும் தெரியும். இதை எனக்கே நூறு தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன், ஆத்திரம் அடங்க மாட்டேன் என்கிறது. அந்தத் தைலத்தைப் பார்த்தால் எரிச்சல் இன்னும் கூடுகிறது.

இனி ஏப்ரலுக்கு நீ வர வேண்டாம். எதற்கும் வர வேண்டாம்.

ஒப்துலியா


லோமா லார்கா
3 ஜூன் 1997

அன்புள்ள தம்பிக்கு,

ஆறு வாரமாகப் பஸ்காரரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். "ஒண்ணும் இல்லம்மா" என்று இப்போது நான் கேட்பதற்கு முன்னாலேயே கையை ஆட்டிவிடுகிறார்.

போன கடிதத்தில் எழுதியதைப் பாதி வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பாதிதான். மிச்சப் பாதிக்கு இன்னும் கோபம் இருக்கிறது, அது தீரும்போது சொல்கிறேன்.

மழை மே கடைசியில் வந்தது. முதல் மழையே பேய் மழை. பாறைக்கு மேலே இருந்த சாம்பலும் மண்ணும் கலந்து கடுங்காப்பி மாதிரி ஓடி வந்தது. நான் நனைந்துகொண்டே நின்று பார்த்தேன். பாறைக்குக் கீழே, நீ விட்டுவிட்டுப் போன பகுதியில், அந்தத் தண்ணீர் வந்து மூடாக்கில் அமுங்கியது. வெளியே வந்தபோது தெளிவாகத்தான் வந்தது. அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

தியோடோரா மூன்று பெண்களோடு வந்தாள். ஓடைக்கரைப் புல்லையும் இலையையும் அறுத்து, மேல் சரிவில் முடிந்த மட்டும் பரப்பினோம். முழங்காலில் ஊர்ந்து ஊர்ந்து வேலை செய்தேன், மூட்டைப் பற்றிக் கேட்காதே. பாதிகூட மூடவில்லை. இரண்டு பக்கமும் மக்காச்சோளம் போட்டாகிவிட்டது.

வானொலியில் கடல் சூடாகிறது, ஹோண்டுராஸ் முழுக்க மழை தவறும் என்று தினமும் சொல்கிறான். இந்தச் சரிவு விளைந்தால்தான் நாங்கள் மூன்று பேரும் அடுத்த வருஷம் வரை சாப்பிட முடியும். ஒருவேளை நான் ஊர் சிரித்ததைக் கேட்டு எரித்திருக்க வேண்டுமோ என்று சில நாள் தோன்றுகிறது. யாரிடமும் இதைச் சொல்லவில்லை, உனக்குத்தான் எழுதுகிறேன்.

ரோசௌராவின் சட்டை குழந்தைக்குப் பெரிதாக இருக்கிறது. டிசம்பருக்குச் சரியாகும். உடம்புக்கு ஒன்றும் இல்லையே உனக்கு? நலமாக இருக்கிறேன் என்று ஒரு வரி போடு, போதும்.

அக்கா,
ஒப்துலியா


லோமா லார்கா
17 ஆகஸ்ட் 1997

அன்புள்ள தம்பிக்கு,

இன்னும் பதில் இல்லை. நீ பிடிவாதக்காரன் என்று எனக்குத் தெரியும், ஆனால் அது என் சொத்து என்று நினைத்திருந்தேன்.

நாற்பத்தி மூன்று நாளாக மழை இல்லை. ஊரில் யார் நிலத்தைப் பார்த்தாலும் ஒரே கதை. கான்டிடோவின் மக்காச்சோளம் பூ வைக்கும்போதே சுருண்டுவிட்டது. நம் மேல் சரிவில் இடுப்பளவு வளர்ந்து, வெளுத்து, நின்றபடியே செத்துவிட்டது. போய்ப் பார்க்கவே பிடிக்கவில்லை.

பாறைக்குக் கீழே பச்சையாக நிற்கிறது தம்பி. ஒவ்வொரு தட்டையிலும் கதிர் பிடித்திருக்கிறது. உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை, சத்தியமாக. எனக்கே பயமாக இருக்கிறது, ஏதோ தப்பாக நடந்துவிட்ட மாதிரி. காலையில் எழுந்ததும் நேற்று இருந்த பச்சை இன்றும் இருக்கிறதா என்று ஓடிப்போய்ப் பார்க்கிறேன். அந்த ஒரு துண்டு நிலம்தான் எங்களைக் காப்பாற்றப் போகிறது. அளந்து சாப்பிட்டால் பிப்ரவரி வரை வரும். அதற்கு மேல் சோளம்தான்.

ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனை முடிந்து ஊரே வந்து பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை. கான்டிடோ மூடாக்கை விலக்கிக் கையை உள்ளே விட்டு ரொம்ப நேரம் எடுக்கவே இல்லை. அப்புறம், "நனஞ்சிருக்கு" என்றான். அவ்வளவுதான். போகும்போது திரும்பி வந்து, "அன்னைக்கு நான் உன் தம்பிய நிறுத்தியிருக்கணும்" என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் முன்னால் அழுததற்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது.

மிச்சப் பாதிக் கோபமும் போய்விட்டது. வா. அறுவடைக்கு வா, இல்லை சும்மா வா.

அக்கா,
ஒப்துலியா


எல் ப்ரொக்ரேசோ
7 செப்டம்பர் 1997

அன்புள்ள அக்காவுக்கு,

உன் எல்லாக் கடிதமும் வந்தது. எல்லாவற்றையும் படித்தேன். முதல் கடிதம் நான் ஊரில் இருந்தபோதே இங்கே வந்து கிடந்தது. திரும்பி வந்து, புகை நாற்றம் போகச் சட்டையை ஊறப்போட்டுக்கொண்டிருந்தேன், ரோசௌராதான் படித்துக் காட்டினாள். மண்ணில் ஈரம் தட்டுகிறது, இதை மட்டும் நம்பு என்று எழுதியிருந்தாய் அல்லவா, அந்த இடத்தில் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். மிச்சத்தை அவள் கையிலிருந்து வாங்கி நானே படித்தேன்.

பதில் எழுதப் பேனாவை எடுத்தால் என்ன எழுதுவது? தெரியாமல் செய்துவிட்டேன் என்றா? நன்றாக எரிந்தது என்று எழுதி வைத்துவிட்டு வந்தவன் நான். அது எதனால் அப்படி எரிந்தது என்று இப்போது தெரிகிறது.

உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. மே கடைசியில், முதல் மழை விட்டதும் வந்தேன். பஸ் திருப்பத்தில் இறங்கி மலை ஏறிக்கொண்டிருந்தேன். மேல் சரிவில் நீ முழங்காலில் ஊர்ந்துகொண்டு புல்லைப் பரப்பிக்கொண்டிருந்தாய். நான் பொசுக்கிய இடத்தில். எதிரே வந்து நிற்கத் துணிவில்லை. அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு, அதே பஸ் திரும்பி வந்தபோது ஏறிவிட்டேன்.

இத்துடன் ஒரு பத்திரம் இருக்கிறது. என் பாதி நிலத்தை உன் பெயருக்கு எழுதி, வக்கீல் முன்னால் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இரண்டு சாட்சி இருக்கிறது, நீ கையெழுத்துப் போட்டால் முடிந்தது. இனி அந்தச் சரிவு முழுக்க உன்னுடையது. உன்னைக் கேட்காமல் யாரும் அதில் ஒரு தீக்குச்சி உரச முடியாது, நான் உட்பட. என்னால் கொடுக்க முடிந்தது இதுதான். என்னை வரச் சொல்லாதே.

நிக்கானோர்


லோமா லார்கா
16 செப்டம்பர் 1997

அன்புள்ள தம்பிக்கு,

மே கடைசியில் வந்தவன் ஒரு குரல் கொடுத்திருந்தால், நான் இன்னும் இரண்டு நாள் ஊர்ந்திருக்க வேண்டாம். ஒரு ஆள் கூட இருந்தால் மேல் சரிவு முழுவதையும் மூடியிருப்போம். அதற்காக உன்மேல் எனக்கு இன்று புதிதாகக் கோபம் வந்திருக்கிறது. பழையதற்கு இல்லை.

பத்திரத்தை இந்த உறையிலேயே திருப்பி வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடவில்லை, போடவும் மாட்டேன். நல்ல நியாயமாக இருக்கிறதே உன் நியாயம். எரித்தவன் நிலத்தைத் தானம் கொடுத்துவிட்டு அங்கே நிம்மதியாகப் பெட்டி கட்டுவான், நான் ஒருத்தி இந்த மலையைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும், அப்படித்தானே? பாதி உன்னுடையது. அதன் வேலையும் பாதி உன்னுடையது. அதிலிருந்து உனக்கு விடுதலை இல்லை.

மேல் சரிவில் கொய்யா மரங்கள் அடியிலிருந்து துளிர்த்துவிட்டன. வேர் சாகவில்லை. நாலு நாளாக மழை பெய்கிறது, செத்த தட்டைகளை அங்கேயே சாய்த்துப் போட்டு, நடுவே பீன்ஸ் போட்டிருக்கிறேன். தியோடோரா இரண்டு வருஷம் ஆகும் என்கிறாள். ஆகட்டும்.

இந்த முறை கான்டிடோ எரிக்கப் போவதில்லை. இன்னும் மூன்று குடும்பம் எரிக்க மாட்டோம் என்று சொல்லியிருக்கிறது. மிச்சம் பதினோரு பேர் எரிப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, முதல் வருஷம் பாதி விளைச்சலைத் தாங்க அவர்களிடம் தெம்பு இல்லை. அப்படியென்றால் ஏப்ரலில் நம் ஐந்து நிலங்களும் காய்ந்த சருகோடு கிடக்கும், சுற்றிலும் தீ எரியும். செப்டம்பர் மழையில் உட்கார்ந்துகொண்டு, இப்போதே நான் ஏப்ரல் காற்றைக் கணக்குப் போடுகிறேன். எல்லையில் மண்ணைச் செதுக்கிவிடலாம். எவ்வளவு அகலம், எந்த மூலையில் தீ தாண்டும், காற்று எப்போது திரும்பும், இது எங்கள் யாருக்கும் சரியாகத் தெரியாது. கான்டிடோவைக் கேட்டேன். "எனக்குத் தெரியாது. இந்த ஊர்ல தீயோட போக்கு தெரிஞ்சவன் உன் தம்பிதான்" என்றான். நீ இல்லாமல் காவல் காக்க மாட்டேன் என்கிறார்கள் எல்லாரும்.

மார்ச் கடைசியில் வந்துவிடு. மேஸ்திரி லீவு தராவிட்டால் வேலையை விட்டுவிட்டு வா, ரோசௌராவையும் கூட்டிக்கொண்டு வா. எனக்குத் தனியாகப் பயமாக இருக்கிறது, நிக்கானோர்.

அக்கா,
ஒப்துலியா